ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஒரு சுடர்

14 செப்டம்பர், ஞாயிறு

வண்டி வந்து சேர்ந்தது. விளம்பரப் படத்தில் வெள்ளையாக இருந்தது நேரில் பழுப்பு. பக்கக் கதவைத் திறந்தால் கைப்பிடி கையோடு வருகிறது. கூரையின் ஒரு மூலை ஊறி, உட்பலகை அப்பளம்போல் உப்பியிருக்கிறது.

கோயம்புத்தூரில் ஒரு மில் முதலாளி, தூங்கிக்கொண்டே ஊர் சுற்ற வேண்டும் என்று இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் மாற்றி அமைத்த வேன் இது. இரண்டு படுக்கை, கை கழுவும் தொட்டி, எரிவாயு அடுப்பு, வெளிநாட்டிலிருந்து தருவித்த சிறு ஃபிரிட்ஜ். அவர் இறந்துவிட்டார். பிள்ளைகளுக்கு வேனில் தூங்கும் ஆசை இல்லை. எழுபத்திரண்டு வயதில் எங்கள் இருவருக்கும் அந்த ஆசை வந்திருக்கிறது.

இருவர் என்றால் நானும் பிரமசக்தியும். பாளையங்கோட்டையில் ஒரே பெண்கள் கல்லூரியில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தோம். அவள் கணிதம், நான் வேதியியல். பல்கலைக்கழகத்தில் அவள் தங்கப் பதக்கம் வாங்கினாள். எனக்கு முதல் வகுப்பு மட்டும். வெவ்வேறு பாடம், ஒப்பிடக்கூடாது என்பாள் பிரமு. ஒப்பிட்டவர்கள் நிறையப் பேர்.

ஓட்டுபவள் நான். அவளுக்கு லைசென்ஸ் இல்லை. அவள் என்னைவிடக் குறைவாகச் செய்யும் காரியம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

17 செப்டம்பர், புதன்

சமாதானபுரத்து மெக்கானிக் அருளப்பன் வந்து, வண்டியைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். பிறகு சொன்னார்: “டீச்சர், எஞ்சின் வியாதிய நான் பாத்துக்கிடுதேன். உள்ள இருக்கது வீடுல்லா. வீட்டு வியாதிய நீங்கதான் பாக்கணும்.”

பட்டியல் போட்டேன். கூரை ஒழுகல், தண்ணீர் மோட்டார் இறுகியது, உள்விளக்குகளுக்கான இரண்டாவது பேட்டரி செத்தது, டீசல் குழாயில் எங்கோ காற்று புகுவது, கைப்பிரேக் தளர்ந்தது. ஃபிரிட்ஜ் மட்டும் நலம். மின்சாரத்தில் செருகியதும் ஓடியது. கரண்ட் இல்லாத இடத்தில் எரிவாயுவிலும் ஓடுமாம். பிரமுவுக்கு இன்சுலின் இருக்கிறது. அது குளிர்ச்சியில் இருந்தாக வேண்டும். ஃபிரிட்ஜ் இல்லாவிட்டால் இந்த வண்டி எங்களுக்கு வெறும் தகரம்.

28 செப்டம்பர், ஞாயிறு

நான்கு மணி நேரம் கூரைமேல் தார்ப்பட்டை ஒட்டினேன். முழங்கால் இரண்டும் என்னோடு பேசவில்லை.

இறங்கும்போது கவனித்தேன். வண்டியின் பக்கவாட்டில், மேலே ஒரு சிறு தகரக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் வாயில் மண் குளவி கூடு கட்டுகிறது. சேற்று உருண்டையோடு வருவதும் போவதுமாக இருந்தது. திருப்புளியை எடுத்தேன். பிரமு கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏட்டி உலகு, அத ஒடைக்காத.”

அவள் மகன் குமரகுருவுக்குத் திருமணமாகி ஒன்பது ஆண்டுகள். பெங்களூரில் இருவரும் பார்க்காத வைத்தியம் இல்லை. குளவி கூடு கட்டினால் வீட்டில் பிள்ளை பிறக்கும் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. குளவிக்கு வேண்டியது சேறும் ஒரு துளையும்தான், உன் மருமகளின் கருப்பை அல்ல என்றேன். கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கிய பெண், எனக்கு முன்னால் கண் கலங்கி நிற்கிறாள். “கெடந்துட்டுப் போட்டும்ட்டி. ஒனக்கென்ன நஷ்டம்?”

வாதாட வெயில் அதிகமாக இருந்தது. விட்டுவிட்டேன்.

1 அக்டோபர், புதன்

ஆயுத பூஜை. வண்டிக்குச் சந்தனம் வைத்தாள். குளவிக் கூட்டின் பக்கத்திலும் ஒரு பொட்டு.

9 நவம்பர், ஞாயிறு. மணப்பாடு

முதல் பயணம். கடற்கரையில் நிறுத்தினோம். ஃபிரிட்ஜை முதன்முறையாக எரிவாயுவில் ஓட்டினேன். அடியில் ஒரு சிறு கண்ணாடித் துளை. அதன் வழியே பார்த்தால் சுடர் தெரிகிறது. நெருப்பைக் கொண்டு குளிரூட்டும் கருவி. மாணவிகளுக்குக் காட்டியிருக்கலாம்.

ஒரு விதி வகுத்துவிட்டேன்: வண்டிக்குள் அடுப்பு பற்ற வைப்பதில்லை. சமையல் எல்லாம் வெளியில். மூடிய இடத்தில் நெருப்பு என்ன செய்யும் என்று முப்பத்து நான்கு ஆண்டுகள் பாடம் நடத்தியவள் நான்.

பிரமுவின் படுக்கை ஃபிரிட்ஜை ஒட்டி. எனக்கு முன்பக்கம், ஜன்னலோரம். மூக்கில் காற்று படாமல் எனக்குத் தூக்கம் வராது. காலையில் இருவருக்கும் லேசான தலைவலி. கடல் காற்று ஒத்துக்கொள்ளவில்லை.

23 நவம்பர், ஞாயிறு. குற்றாலம்

என் கண்ணையும் காதையும் நம்ப முடியவில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முந்தாநாள் வந்தோம். அடைமழை. பிரமு தன் பக்கத்து ஜன்னல்களை எல்லாம் அடைத்துவிட்டாள். இன்று காலை எழுந்ததும் வாந்தி எடுத்தாள். சர்க்கரை பார்த்தேன், 138. சரியாகத்தான் இருந்தது. பிறகு வாழைப்பழம் வாங்கப் போனோம்; கடைக்காரர் பதினேழு பழம் கொண்ட சீப்பு ஆறு இருக்கிறது என்றார். மொத்தம் எத்தனை என்று விளையாட்டாகக் கேட்டேன். அவள் வாழ்நாளில் இப்படிப்பட்ட கேள்விக்கு மூச்சு விடும் நேரம்கூட எடுத்ததில்லை. இன்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “எண்பதா?” என்றாள்.

கேலி செய்கிறாள் என்று நினைத்தேன். இல்லை.

நூற்றிரண்டு என்று நான் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். எனக்கு இது புதிய அனுபவம்.

24 நவம்பர், திங்கள்

வீடு திரும்பினோம். தண்ணீர் மோட்டார் மறுபடி இறுகிவிட்டது; கழற்றி, உப்பு சுரண்டி, பூட்டினேன். மாலையில் பிரமு வந்து குறுக்கெழுத்து முழுவதையும் பதினோரு நிமிடத்தில் போட்டுவிட்டுப் போனாள். நேற்று நடந்ததைச் சொன்னேன். சிரித்தாள். அவளுக்கு நினைவில்லை.

30 நவம்பர், ஞாயிறு

குமரகுருவை அழைத்துச் சொன்னேன். மறைப்பது எனக்குப் பழக்கமில்லை. மதுரையில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் காட்டலாம் என்றான். பிறகு, “சித்தி, நீங்கதான் கூடவே இருக்கிய. அம்மா என்னத்த மறக்கான்னு தேதி போட்டு எழுதி அனுப்புங்க. டாக்டர் கேப்பாரு. அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்” என்றான்.

ஒப்புக்கொண்டேன். கூர்ந்து கவனித்துக் குறித்து வைக்க என்னைவிடத் தகுந்தவள் யார்?

13 டிசம்பர், சனி. திருச்செந்தூர் சாலை

நான்காவது பயணம். வழியில் எஞ்சின் நின்றது. டீசல் வடிகட்டியின் திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்தி, நுரை நின்று சுத்தமான டீசல் வரும்வரை காற்றை வெளியேற்றினேன். அருளப்பன் தொலைபேசியில் சொல்லச் சொல்ல நாற்பது நிமிடத்தில் செய்து முடித்தேன். அவர், “டீச்சர், கடைக்கு வந்துருங்க, பங்கு தாரேன்” என்றார்.

ஃபிரிட்ஜின் சுடர் நீலமாக இருந்தது இப்போது மஞ்சளாக எரிகிறது. சிலிண்டர் தரமில்லை. மாற்ற வேண்டும்.

அனுப்பிய குறிப்பு, எண் 11: காலையில் பிரமசக்தி செருப்பைக் கையில் மாட்ட முயன்றார். என் பெயரை நினைவுகூர இயலவில்லை, “நீ... நீ...” என்றார். உலகம்மாள் என்று சொல்லிக் கொடுத்தேன். மதியத்துக்குள் தெளிந்தார்.

முகம் மட்டும் நல்ல நிறமாக இருக்கிறது; கன்னம் சிவந்து, பத்து வயது குறைந்தவள்போல. நோய் சில சமயம் இப்படி ஏமாற்றும்.

அவளுக்குச் சொல்லிக் கொடுப்பது சிரமமாக இல்லை. உள்ளதை எழுதுவதென்றால், நன்றாகத்தான் இருந்தது.

14 டிசம்பர், ஞாயிறு

கைப்பிரேக் போடாமல் இறங்கிவிட்டேன். வண்டி தானாக நகர்ந்து ஒரு பனையில் முட்டி நின்றது. பம்பர் நசுங்கியது. சோர்வு. தூக்கம் போதவில்லை, தலை கனக்கிறது.

19 டிசம்பர், வெள்ளி. மதுரை

குமரகுரு பெங்களூரிலிருந்து வந்திருக்கிறான். நரம்பியல் மருத்துவரிடம் காலை ஒன்பதுக்கு முறை. தாமதமாகிவிடக் கூடாதே என்று நேற்றே கிளம்பி, மருத்துவமனை வளாகத்திலேயே வண்டியை நிறுத்தி உறங்கினோம். விடாத மழை. எட்டே முக்காலுக்கு வாசலில் நின்றோம். என் ஏற்பாட்டில் பிழை இருந்ததில்லை.

மருத்துவர் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். தொண்ணூற்று மூன்று. எண்பத்தாறு. பிறகு நிறுத்தினாள். தன் விரல்களைப் பார்த்தாள். முப்பத்து நான்கு ஆண்டுகள் நுண்கணிதம் நடத்தியவள் விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள். அதிலும் தவறினாள்.

குமரகுரு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். நான் திரும்பவில்லை. குறித்துக்கொண்டேன்.

20 டிசம்பர், சனி

நினைவுப் பரிசோதனையில் முப்பதுக்குப் பதினாறு. மறதி நோயின் தொடக்கம், வேகமாகக் கூடுவதுபோல் தோன்றுகிறது என்று மருத்துவர் சொன்னார். வீட்டில் நன்றாக இருக்கிறாளே என்று கேட்டேன். பழகிய வீட்டில் மறதி வெளியே தெரியாது, புது இடத்தில்தான் காட்டிக்கொடுக்கும் என்றார். தர்க்கப்படி சரி. என் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்து, இவ்வளவு தெளிவாக யாரும் எழுதிக் கொடுத்ததில்லை என்று பாராட்டினார்.

2 ஜனவரி, வெள்ளி

பெங்களூரில் மறதி நோயாளிகளுக்கென்று ஓர் இல்லம் இருக்கிறது. குமரகுரு இடம் பிடித்துவிட்டான். ஜனவரி 21 அன்று சேர்க்க வேண்டும். வெளிக்கதவு எப்போதும் பூட்டியிருக்குமாம். அவர்களாக எங்கும் போய்விடக் கூடாது என்பதற்காக.

பிரமுவிடம் அவனே சொன்னான். அவள் அழவில்லை. சண்டையும் போடவில்லை. “நான் எப்படி இருக்கேன்னு எனக்கே தெரியலங்கியளே, அப்பொ நான் எப்படி மாட்டேன்னு சொல்ல?” என்றாள்.

பிறகு என்னைப் பார்த்து, போவதற்கு முன் ஒரு தடவை மலைக்கு அழைத்துப் போ என்றாள். குளிரில் நடுங்க வேண்டுமாம்.

7 ஜனவரி, புதன். மேகமலை

நேற்று மாலை வந்தோம். கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி மூச்சு வாங்கியது. இரண்டாம் கியரைவிட்டு ஏறவில்லை. எஸ்டேட் மேலாளரிடம் சொல்லி தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்க்கும் மருந்தகத்துக்கு எதிரே நிறுத்த இடம் வாங்கினேன். தேயிலைக்குமேல் பனி இறங்கி உட்கார்ந்திருக்கிறது. பிரமு நாள் முழுவதும் நடந்தாள். மதியம் ஒரு பாறையில் உட்கார்ந்து எனக்குப் பகா எண்களைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினாள். ஒரு சொல்கூடத் தடுமாறவில்லை. இவளையா பூட்டி வைக்கப் போகிறார்கள் என்று தோன்றியது. காலையில் அவள் தடுமாறி நின்ற நிலையை நினைத்துக்கொண்டேன். மனதைத் தேற்றிக்கொள்ள அது தேவைப்பட்டது.

சுடர் நன்றாக மஞ்சள். புது சிலிண்டரும் தரமில்லை. குளிர் தாங்கவில்லை; இன்று என் ஜன்னலையும் அடைக்கப் போகிறேன். தலை கனக்கிறது. குளிர் தாங்கவில்லை; இன்று என் ஜன்னலையும் அடைக்கப் போகிறேன்.

9 ஜனவரி, வெள்ளி. தேனி, மருத்துவமனை

வரிசையாக எழுதுகிறேன்.

நேற்று விடியற்காலை சிறுநீர் முட்டி எழுந்தேன். எழுபத்திரண்டு வயதின் உபத்திரவங்களுக்கு நன்றி சொல்ல வேண்டிய நாள் வரும் என்று நினைத்ததில்லை. தரை சாய்ந்தது. கதவின் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. எப்படியோ திறந்து வெளியே விழுந்தேன். குளிர் காற்று முகத்தில் அறைந்தது. பிரமுவைக் கூப்பிட்டேன். பதில் இல்லை.

கொழுந்து பறிக்கப் போய்க்கொண்டிருந்த பெண்கள் ஓடி வந்தார்கள். நான்கு பேர் போர்வையோடு அவளைத் தூக்கி வந்து மருந்தகத் தாழ்வாரத்தில் கிடத்தினார்கள். மூச்சு இருந்தது. அசைவு இல்லை. முகம் செக்கச்செவேல் என்று இருந்தது. மருந்தகத்து நர்ஸ் சௌந்தரம் ஆக்சிஜன் சிலிண்டரை இழுத்து வந்து முகமூடியை மாட்டினாள். மாட்டிக்கொண்டே, “ராத்திரி உள்ள அடுப்பு பத்த வச்சீங்களா?” என்று கேட்டாள்.

எனக்குக் கோபம் வந்தது. நான் யாரென்று தெரியாமல் பேசுகிறாள். “நான் கெமிஸ்ட்ரி புரொஃபசர்மா. உள்ள அடுப்பே பத்த வைக்கது கெடையாது. ஃபிரிட்ஜ் மட்டும்தான் ஓடுச்சு. கேஸ்ல.”

“கேஸ்ல ஃபிரிட்ஜா? அதுல எப்பிடிம்மா கேஸு?”

விளக்கினேன். அம்மோனியாக் கரைசலைச் சூடாக்க வேண்டும், அதற்காக அடியில் ஒரு சிறிய சுடர் விடிய விடிய எரிந்துகொண்டே இருக்கும், அந்தச் சுடர் சரியாக எரிய வேண்டுமென்றால் போதுமான காற்று...

வாக்கியத்தை முடிக்கவில்லை.

சௌந்தரம் என்னையும் உட்காரவைத்து, என் முகத்திலும் ஒரு முகமூடியை மாட்டினாள்.

மஞ்சள் சுடர். காலையில் வாந்தி. சிவந்த கன்னம். மதியத்துக்குள் தெளிவு. வீட்டில் நலம். இந்த ஐந்தையும் ஒரு வினாத்தாளில் கொடுத்திருந்தால் என் முதலாண்டு மாணவிகூட விடை எழுதியிருப்பாள்: கார்பன் மோனாக்சைடு. நான் அந்த ஐந்தையும் தேதி போட்டு எழுதி, விடையாக என் தோழியின் மூளையைக் காட்டியிருக்கிறேன்.

இரத்தத்தில் அந்த வாயு பிரமுவுக்கு முப்பத்தொரு சதவீதம். எனக்குப் பத்தொன்பது.

10 ஜனவரி, சனி

மாலையில் கண் விழித்தாள். என்னைப் பார்த்து, “வண்டிய எங்கட்டி விட்ட?” என்றாள். இனி பயமில்லை என்று மருத்துவர் சொன்னார். நினைவு எவ்வளவு திரும்பும் என்று கேட்டேன். பொறுத்துத்தான் பார்க்க வேண்டுமாம்.

அருளப்பன் பாளையங்கோட்டையிலிருந்து பேருந்து ஏறி மேகமலைக்கே போய் ஃபிரிட்ஜைக் கழற்றிப் பார்த்திருக்கிறார். பின்பலகையில் படுக்கைப் பக்கமாக விரல் நுழையும் இடைவெளி. அந்தப் பக்கம் முழுவதும் கரி. சுடரின் புகை வெளியேற ஒரே ஒரு வழிதான். பக்கவாட்டில் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் அந்தத் தகரக் குழாய்.

தொலைபேசியில் அவர் குரல் தாழ்ந்திருந்தது. “குளவி மண்ணு டீச்சர். வெந்து செங்கலாப் போயிருக்கு. ஊசி போற ஓட்டதான் மிச்சம். இத யாரும் பாக்கலியா?”

பார்த்தேன். நான் பார்த்தேன். அது எதற்கான குழாய் என்று எனக்கு அப்போது தெரியாது. தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள் என்று மூவாயிரம் பெண்களிடம் சொன்னவள் கேட்கவில்லை.

11 ஜனவரி, ஞாயிறு

குமரகுரு வந்தான். இருவரையும் ஒன்றாக வைத்துச் சொன்னேன். ஃபிரிட்ஜை, குழாயை, மண்ணை. பிறகு குறிப்புகளை. எல்லாம் நச்சு வாயுவால் வந்தவை, அவற்றை வைத்து எடுத்த முடிவு செல்லாது, மதுரைப் பரிசோதனையும் செல்லாது என்றேன். அன்றும் வண்டியில்தான் தூங்கினோம்.

குறிப்புகள் இருந்தது பிரமுவுக்கு அதுவரை தெரியாது.

“எத்தன?” என்றாள்.

இருபத்து மூன்று என்றேன்.

குமரகுரு, தான் கேட்டுத்தான் சித்தி எழுதினார்கள் என்று குறுக்கிட்டான். அவள் கையைக் காட்டி அவனை நிறுத்தினாள். குளவியை விடச் சொன்னது தான்தான், அதற்கு என்னைக் குற்றம் சொல்ல முடியாது என்றாள். மற்றதைப் பற்றி ஒரு சொல் இல்லை. போர்வையை இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள்.

வெளியே வந்ததும் குமரகுரு சொன்னான், இல்லத்தில் பிடித்த இடத்தை இப்போதைக்கு விடப்போவதில்லை என்று. ஒரு மாதம் கேட்டிருக்கிறானாம். மறுபரிசோதனையில் தேறாவிட்டால் இல்லம்தான். தேறினாலும் அந்த வண்டியில் அம்மா ஏறக் கூடாது. “உங்க கூடயும் வேண்டாம் சித்தி. தப்பா நெனைக்காதிய.”

நான் தப்பாக நினைக்கவில்லை. அவன் இடத்தில் நான் இருந்தால் இன்னும் கடுமையாகச் சொல்லியிருப்பேன்.

16 ஜனவரி, வெள்ளி

பழைய பக்கங்களைப் படித்தேன். நானும் அதே காற்றைத்தான் சுவாசித்திருக்கிறேன். பிரேக் போடாமல் வண்டியைப் பனையில் விட்டிருக்கிறேன். ஒரே வாக்கியத்தை ஒரே பத்தியில் இரண்டு தடவை எழுதி, அது கண்ணில் படாமல் போயிருக்கிறேன். என் தவறுகளுக்குச் சோர்வு என்று பெயர் வைத்தேன். அவளுடையவற்றுக்கு நோய் என்று.

24 ஜனவரி, சனி

அருளப்பன் வண்டியைக் கொண்டுவந்து விட்டார். குழாயைக் குடைந்து சுத்தம் செய்து, வாயில் கம்பி வலை கட்டினேன். பின்பலகையைத் தகரம் வைத்து அடைத்தேன். சுடர் நீலம். அரை நாள் அதன் எதிரே உட்கார்ந்திருந்தேன். செய்ய வேறு வேலை இல்லை.

பிரமு தன் வீட்டில் இருக்கிறாள். நான்கு தெரு தள்ளி. தொலைபேசியை எடுப்பதில்லை.

3 பிப்ரவரி, செவ்வாய்

இன்று மதுரையில் மறுபரிசோதனை. முந்தின நாள் ரயிலில் போய் விடுதியில் தங்கினார்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். காலையிலிருந்து பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றினேன், டயர் காற்று பார்த்தேன், துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தேன்.

பன்னிரண்டே காலுக்குக் குமரகுரு அழைத்தான். முப்பதுக்கு இருபத்தொன்பது. ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னதற்கு, பூஜ்யத்தைத் தாண்டியும் இறங்கிக்கொண்டே போனாளாம். மருத்துவரே போதும் என்று கெஞ்ச வேண்டியதாயிற்றாம். அந்த ஒரு மதிப்பெண் எதில் போனது என்று கேட்டேன். கிழமை. ஓய்வுபெற்றவளுக்குக் கிழமை எதற்கு என்று மருத்துவரிடமே கேட்டிருக்கிறாள்.

இல்லத்தில் பிடித்த இடத்தை விட்டுவிட்டான்.

அவள் எனக்கு ஏதாவது சொல்லச் சொன்னாளா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

15 பிப்ரவரி, ஞாயிறு

காலை பத்து மணிக்குப் பிரமு வந்தாள். ஐந்து வாரங்களுக்குப் பிறகு. நான் வண்டியின் அடியில் கிடந்தேன். சைலன்சரின் தொங்கு ரப்பர் அறுந்திருந்தது. அவள் செருப்பு முதலில் தெரிந்தது. நான் வெளியே ஊர்ந்து வரும்வரை நின்றாள். கை கொடுக்கவில்லை.

குமரகுருவின் தொலைபேசியை வாங்கி, நான் அனுப்பிய இருபத்து மூன்று குறிப்புகளையும் முதலிலிருந்து படித்திருக்கிறாள். ஒரு பிழை இல்லை, நல்ல தமிழ் என்றாள். தேர்வுத்தாளைத் திருப்பித் தருகிற குரல். பிறகு பம்பரின் நசுங்கலைத் தடவிக்கொண்டே சொன்னாள்:

“கேஸு ஒனக்கும் தெரியல, எனக்கும் தெரியல. அத விடு. ஆனா எழுதையில ஒனக்கு சந்தோசமா இருந்திருக்குட்டி. வரிக்கு வரி தெரியுது.”

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஐம்பது ஆண்டுகளாக என்னை அறிந்தவள், இருபத்து மூன்று குறிப்புகளையும் படித்துவிட்டு வந்து எதிரே நிற்கிறாள். வாயை மூடிக்கொண்டேன்.

“சொல்லுதியா, இல்லியா?”

“இருந்துச்சு,” என்றேன். “மொத தடவையா ஒனக்கு நான் சொல்லிக் குடுத்தேன்லா.”

அவள் முகத்தில் மாற்றம் இல்லை. குழாய் வாயில் கட்டியிருந்த கம்பி வலையை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, நான் நாட்குறிப்பு எழுதும் பழக்கம் அவளுக்குத் தெரியும் என்றும், அனுப்பியதைவிட அதில் அதிகமாக இருக்கும் என்றும், அதைப் படித்த பிறகுதான் என்னோடு இனி ஏதும் உண்டா இல்லையா என்று முடிவு செய்ய முடியும் என்றும் சொன்னாள். அரைகுறைத் தரவை வைத்து முடிவெடுப்பது அவள் வழக்கமல்ல.

மாலைவரை அவகாசம் கேட்டேன். இன்றைய பக்கத்தை எழுதி முடிக்க வேண்டும் என்று காரணம் சொன்னேன். கொடுத்தாள்.

இப்போது மணி நாலரை. அவள் படிக்கக் கூடாத பக்கங்கள் மூன்று இருக்கின்றன. முதல் நாளில் அந்தத் தங்கப் பதக்கத்தைப் பற்றியது. குற்றாலத்தில் நூற்றிரண்டு என்று சொல்லிவிட்டு எழுதியது. டிசம்பரில் நன்றாகத்தான் இருந்தது என்று எழுதியது. கத்தரிக்கோலை எடுத்து மேசையில் வைத்து ஒரு மணி நேரம் ஆகிறது. வெட்டவில்லை. பெருந்தன்மையால் அல்ல. பக்க எண்கள் போட்ட நோட்டு. மூன்று குறைந்தால் அந்தக் கணக்குக்காரிக்கு ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

ஐந்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். வருவாள். அவள் மறப்பதில்லை.